பிப்ரவரியில் இறந்த லிஃப்ட் மெக்கானிக்

அன்செல்மோ பெர்த்தோலி பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தார். புவனோஸ் ஐரிஸில் சாவதற்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. ஊரிலுள்ள மன ஆலோசகர்கள் அத்தனை பேரும் பிப்ரவரிக் கோடையில் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதம் முழுக்க யாரும் விவாகரத்து கேட்பதில்லை, வேலையை விடுவதில்லை. கேட்டாலும் மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

இறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அன்செல்மோ ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பேரையும் பார்த்தார். மனைவி நெலிதா, மகள் சில்வினா, மகன் எசேக்கியேல்.

"என்னை எரிச்சப்புறம் எங்க வெக்கறதுன்னு நீங்க கவலைப்படாதீங்க. பெர்லாவுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பெர்லா ஷுல்மன் அவருடைய ஆலோசகர். இருபத்தேழு வருடமாக வியாழன் மாலை ஐந்து மணி அன்செல்மோவுக்குரியது. ஐந்து ஐம்பதுக்கு வெளியே வருவார். அடுத்த தெரு பேக்கரியில் ஒரு டஜன் இனிப்பு பன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வியாழக்கிழமைகளில் அந்த வீட்டில் எல்லோரும் பன் தின்றார்கள். அவர் என்ன பேசிவிட்டு வந்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

வீட்டில் அவர் பேச மாட்டார். கோபமோ முறைப்போ இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அதை வியாழக்கிழமை பேசிக்கறேன்."

மகன் காலேஜை விட்டபோதும் அதே பதில். நெலிதா ஒரு தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பியபோதும் அதே பதில். அவள் வியாழன்வரை காத்திருந்தாள். அவர் பன்னோடு வந்தார். "இனிமே ஞாயித்துக்கிழமை பாத்திரம் நான் கழுவறேன்" என்றார். அவள் பெட்டியைப் பிரித்தாள். எந்த வழியாக அந்த முடிவுக்கு வந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொன்பதாவது கல்யாண நாள்வரை ஞாயிறுதோறும் கழுவினார்.

பெர்லாவிடம் அவர் போகத் தொடங்கிய கதை மட்டும் ஊருக்கே தெரியும். பெர்லா இருந்த கட்டடத்து வாட்ச்மேன் ஒஸ்வால்தோ அதைப் பார்த்துவிட்டார், அதனால். பெர்லாவின் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவதற்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பெர்லா. பழுது பார்க்க வந்தவர் அன்செல்மோ. உள்ளே இருப்பவர் பயப்படாமலிருக்க மெக்கானிக்குகள் பேச்சுக் கொடுப்பது வழக்கம். அவரும் கொடுத்தார். பேச்சு எப்படியோ அவர் பக்கம் திரும்பியது. பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன், ஒரு தடவைகூட ஏறியதில்லை, பயம், டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு படியில்தான் போகிறேன், இது முதலாளிக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது என்றெல்லாம் கம்பிக்கு வெளியே நின்று சொன்னார். உள்ளேயிருந்து "ம்" என்று மட்டும் சத்தம் வந்தது. லிஃப்ட் நகர்ந்தது. பெர்லா வெளியே வந்து புடவையைச் சரிசெய்கிற மாதிரி கோட்டைச் சரிசெய்துகொண்டு, "இன்னிக்கு இங்க நிறுத்திக்கலாம். வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க" என்றார்.

மூன்றாவது வருடம் அன்செல்மோ லிஃப்டில் ஒரு மாடி ஏறினார். எட்டாவது வருடம் பெர்லாவின் அறை இருக்கும் ஐந்தாவது மாடிவரை லிஃப்டிலேயே போனார். அன்றைக்கு வீட்டுக்கு இரண்டு டஜன் பன் வந்தது. ஏன் என்று அவர் சொல்லவில்லை. ஒஸ்வால்தோதான் சொன்னார்.

அந்தக் குடும்பத்தில் ஆலோசகர் இல்லாதவள் சில்வினா ஒருத்திதான். மெட்ரோவில் சிக்னல் இன்ஜினியர். முப்பத்தாறு வயது. "எனக்கு அது தேவைப்படல" என்று அவள் சொன்னால், பல் விளக்குவது தேவைப்படவில்லை என்று சொன்னவளைப் பார்ப்பது போல அலுவலகத்தில் பார்த்தார்கள். பழுது என்றால் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், சரிசெய்ய வேண்டும், ரிப்போர்ட்டை மூட வேண்டும். இது அவள் கொள்கை.

மூட முடியாத ரிப்போர்ட் ஒன்று அவளிடம் இருந்தது. அப்பா இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம். அவள் மெட்ரோ சுரங்கத்துக்குள் சிக்னலை இயக்கும் ஒரு ரிலே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்; அதைச் சொன்னாள்.

"சில்வினா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

இருபத்தேழு வருடமாகக் கேட்ட பதிலைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு ஒரு வாய்ப்பு.

"அதையும் வியாழக்கிழமை பெர்லாகிட்டயே கேளுங்கப்பா."

"பெர்லா லீவுல இருக்காங்களே" என்று சிரித்தார். வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை நெஞ்சுவலி. செவ்வாய்க்கிழமை அவர் இல்லை. என்ன கேட்க வந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. தன்னை எங்கே வைப்பது என்பதாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். மகளிடம் கேட்க வந்தார். மகள் கதவைச் சாத்தினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தகனம் முடிந்து அஸ்தி ஒரு மரப்பெட்டியில் வந்தது. பெட்டியைச் சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல், பெங்குவின் வடிவ ஒயின் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தற்காலிகமாக. நெலிதா மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க வெக்கலாம்னு சொல்லும்மா" என்றாள் சில்வினா.

"என் ஆலோசகரைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது? அவர் மார்ச் ரெண்டாம் தேதிதான் வராரு."

"நீ சொல்லுடா."

"என்னோடவ பிரேசில்ல இருக்கா" என்றான் எசேக்கியேல். "பெரிய முடிவு எதுவும் எடுக்காதேன்னு போறப்பவே சொல்லிட்டுப் போனா. ஃபோன் மாத்தறதுக்குக்கூட நான் வெயிட் பண்றேன்."

"அப்பா செத்ததும் ஃபோனும் ஒண்ணாடா?"

"எல்லாத்துக்கும் நட்டு போல்ட்டு மாதிரி பதில் வேணும் உனக்கு, இன்ஜினியரம்மா. நீ யார்கிட்டயாவது போய்ப் பேசணும்க்கா. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் பெர்லாவின் நம்பருக்குப் போன் செய்தாள். பதிவு செய்த குரல் வந்தது. "மார்ச் ஒண்ணாம் தேதி வரைக்கும் நான் இல்லை. அவசரம்னா, அது நிஜமாவே அவசரம்தானான்னு உங்களையே கேட்டுப் பாருங்க." 'பீப்' என்று ஒலித்தது. சில்வினா கேட்டுப் பார்த்தாள். அவசரம்தான்.

சனிக்கிழமை பஸ் பிடித்து, ஆலோசகர்கள் கூடும் கடற்கரை ஊரான வில்லா கெசெலுக்குப் போனாள். கடற்கரையில் குடைகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஆலோசகர்களும் அவர்களிடம் போகிறவர்களும் வருடாவருடம் ஒரே கடற்கரைக்கு வந்து, ஒருவரையொருவர் தெரியாதது போல மணலில் கிடந்தார்கள். சூரோ என்ற எண்ணெய்ப் பலகாரம் விற்கிறவன் கூடையோடு வந்தான். அவனிடம் பெர்லாவைப் பற்றிக் கேட்டாள்.

"பேசற ஆலோசகரா, பேசாத ஆலோசகரா?"

"பேசாதவங்கன்னு நினைக்கிறேன்."

"அப்ப அந்த மரப்பாலத்துக்கு அந்தப் பக்கம். எனக்குப் பிடிச்ச பார்ட்டிங்க. எத்தனை வேணும்னு கேட்டா, 'நீங்க எத்தனைன்னு நினைக்கிறீங்க'ம்பாங்க. நான் ஒரு டஜன்னு நினைப்பேன்."

பெர்லாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கறுப்பு நீச்சலுடை, அகலத் தொப்பி, மடியில் குறுக்கெழுத்துப் புதிர். சில்வினா முன்னால் போய் நின்றாள்.

"நான் அன்செல்மோ பெர்த்தோலியோட பொண்ணு. அப்பா இறந்துட்டார்."

பெர்லா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கடலைப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எப்போ?"

"மூணாந்தேதி."

"வியாழனா?"

"செவ்வாய்."

"செவ்வாய்" என்றார் பெர்லா, அன்செல்மோ அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பது போல. பக்கத்திலிருந்த சாய்வுநாற்காலியைக் காட்டினார். சில்வினா அதில் உட்கார்ந்ததும் அது பின்னால் சரிந்து அவளைப் படுக்க வைத்தது. பெர்லா இப்போது அவள் தலைக்குப் பின்னால் இருந்தார். எதிரே கடல் மட்டும் தெரிந்தது.

காற்றில் புதிர்த்தாள் பறந்தது. சில்வினா எட்டிப் பிடித்தாள். வேலைப் பையில் கைக்கு வந்த ஸ்பேனரை எடுத்துத் தாள் மேல் வைத்தாள். பெர்லா அந்த ஸ்பேனரை வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"அவரை எங்க வெக்கணும்னு உங்களுக்குத் தெரியும்னு சொன்னார்."

"ம்."

"எங்க?"

"அதை என்னால சொல்ல முடியாது. அந்த அறையில அவர் பேசினது அவரோடது."

"அவர்தான் இல்லையே."

"அதனாலதான் இன்னும் ஜாக்கிரதையா வெச்சிருக்கேன்."

அடுத்த குடையின் கீழ் ஒரு செய்தித்தாள் இறங்கியது. பின்னால் ஒரு வழுக்கைத் தலை.

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா" என்றது அந்தத் தலை. "என் பிரச்சனை என்னன்னு பதினோரு வருஷமா நான் கேக்கறேன். என்னோடதையே எனக்குச் சொல்லல."

"ஓராசியோ, நீங்க இங்க இல்ல" என்றார் பெர்லா.

"ஆமாமா." செய்தித்தாள் மேலே போனது.

சில்வினா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். "ஒரு இடம். ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா நான் போயிடுவேன். முடிச்சிடுவேன்."

"எதை முடிப்பீங்க?"

கடல் அதன் வேலையைப் பார்த்தது. பெர்லா புதிர்த்தாளை மடித்துவிட்டு, "மார்ச் அஞ்சாம் தேதி வியாழக்கிழமை" என்றார். "அஞ்சு மணி அவரோடதுதான். அதை நான் யாருக்கும் கொடுக்கல. மூணு பேரும் வாங்க. அவரையும் எடுத்துட்டு வாங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் மூன்று வாரம் வேறு பேச்சில்லை. இன்னொருவருடைய ஆலோசகரிடம் போவது துரோகமாகாதா என்று நெலிதா கவலைப்பட்டாள். மார்ச் இரண்டாம் தேதி தன் ஆளிடம் அனுமதி வாங்கி வந்தாள். எசேக்கியேலின் ஆலோசகர் திரும்பி வந்ததும் முதல் கேள்வியாக, ஃபோன் மாற்றினானா என்று கேட்டாராம்.

ஐந்தாம் தேதி நெலிதா பெட்டியைக் காய்கறி வாங்கும் சக்கரப் பையில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள். வாட்ச்மேன் ஒஸ்வால்தோ தொப்பியைக் கழற்றி முதலில் பைக்கு வணக்கம் சொன்னார், அப்புறம்தான் குடும்பத்துக்கு.

அந்த லிஃப்ட் பழைய கம்பிக்கூண்டு. அதைச் சுற்றிச் சுற்றிப் படிக்கட்டு ஏறும். உள்ளே, கண்ணாடிச் சட்டத்துக்குள் பராமரிப்பு அட்டை. மாதாமாதம் அன்செல்மோவின் கையெழுத்து. ஜனவரியோடு நின்றிருந்தது. அதற்கு மேல் ஒரு பித்தளைத் தகடு: மூன்று பேர்.

"நாம நாலு பேர்" என்றான் எசேக்கியேல்.

"அப்பா இப்ப ரெண்டரைக் கிலோடா."

"எடையைச் சொல்லாதக்கா."

மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

சில்வினாவுக்குக் காரணம் தெரிய இரண்டு விநாடிகூட ஆகவில்லை. தம்பியின் முதுகு உள்பக்க மடக்குக் கதவில் சாய்ந்திருந்தது. கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. கதவின் மின் கான்டாக்ட் விட்டுப்போனால் லிஃப்ட் நிற்கும். கதவைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு ஐந்தை அழுத்தினால் கிளம்பிவிடும். கட்டைவிரலைத் தூக்கினாள்.

"நல்லதா போச்சு" என்றாள் நெலிதா. "எனக்கு மேல போகப் பிடிக்கல."

கட்டைவிரல் அப்படியே நின்றது.

ஐந்து மணி அடித்தது. மேலே ஒரு கதவு திறந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கி வந்து நான்காவது மாடி வளைவில் நின்றது. கூண்டுக்குள்ளிருந்து பார்த்தால் இரண்டு பழுப்பு நிறச் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"யாரு?"

"பெர்த்தோலி குடும்பம்" என்றான் எசேக்கியேல். "மாட்டிக்கிட்டோம்."

"ம்" என்றார் பெர்லா. படியில் உட்காருகிற சத்தம் கேட்டது. "ஆரம்பிக்கலாம்."

நான்காவது மாடியில் வேறொரு ஆலோசகரிடமிருந்து ஒரு இளைஞன் அழுதுகொண்டே வெளியே வந்தான். பெர்லாவைத் தாண்டும்போது மன்னிப்புக் கேட்டான். கூண்டுக்குள் இருந்தவர்களைப் பார்த்து, "குடும்பத்தோடவா? நான் அம்மாவைக் கூட்டிட்டு வரவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

"கிளப் மைதானத்துல தூவலாம்" என்றான் எசேக்கியேல் திடீரென்று. "கோல் போஸ்ட் பக்கத்துல. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை அங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போவாரு."

"மேட்ச் பார்க்கவா போனார்? ஸ்டாண்டுல இருந்த சரக்கு லிஃப்டைப் பார்க்கப் போனார்டா."

"தெரியும்க்கா. நான் மேட்ச் பார்த்தேன், அவர் லிஃப்ட் பார்த்தார். ஆனா கையைப் பிடிச்சிருந்தாரு. தொண்ணூறு நிமிஷமும். வீட்ல ஒரு நாளும் பிடிச்சதில்ல."

அவன் குரல் உடைந்தது. கீழே யாரோ கம்பியைத் தட்டினார்கள்.

"லிஃப்ட் எப்ப வரும்?"

"அஞ்சு அம்பதுக்கு" என்று கீழே கத்தினார் ஒஸ்வால்தோ. "உள்ள கவுன்சலிங் நடக்குது."

"சரி, நான் அப்புறம் வரேன்" என்றது அந்தக் குரல், கொஞ்சம்கூட ஆச்சரியப்படாமல்.

நெலிதா சக்கரப் பையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் வெக்க வேண்டாம்" என்றாள்.

"என்னம்மா?"

"கோயில், கிளப்பு, ஆறு, ஒண்ணும் வேண்டாம். முப்பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் காலைல டூல் பாக்ஸைத் தூக்கிட்டுப் போவாரு. சாயங்காலம் வருவாரு, வந்தா பேச மாட்டாரு. பேச்செல்லாம் இங்க கொண்டாந்து கொட்டிட்டு வெறும் ஆளா வருவாரு. இப்பத்தான் முழுசா வீட்ல இருக்காரு. ஃபிரிட்ஜ் மேல இருக்காரு. நான் பேசறேன், அவர் கேக்கறாரு. இதுல என்ன தப்பு?"

"அப்ப இதை ஏன் ஒரு மாசமா சொல்லல நீ?"

"என் ஆளு லீவுல இருந்தாரு."

சில்வினா கத்த வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அவர் எங்கிட்டக் கேக்க வந்தாரும்மா. செத்துப்போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஃபோன் பண்ணி, 'ஒண்ணு கேக்கணும்'னாரு. நான் பெர்லாகிட்டக் கேளுங்கன்னு சொல்லிட்டேன். கிண்டலா. அவர் கடைசியாக் கேட்டது அதுதான். நான் கேக்கவிடல." செருப்புகளைப் பார்த்துத் திரும்பினாள். "அவர் உங்ககிட்டச் சொன்ன இடம் எது? நான் கெஞ்சிக் கேக்கறேன்."

ஒரு செருப்பு இன்னொன்றின் மேல் ஏறியது.

"அவர் சொன்னதைச் சொல்ல மாட்டேன்" என்றது குரல். "ஆனா அவர் சொல்லி முடிக்கல. அதை மட்டும் சொல்லலாம்."

"முடிக்கலைன்னா?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்துல நின்னுடும். சரி, அடுத்த வியாழன் பார்க்கலாம்னுவேன். சரின்னுவாரு. அவருக்கு அடுத்த வியாழன் ஒண்ணு இருக்கறது பிடிச்சிருந்தது."

நெலிதா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஃபோனா?" என்றாள். "ரிலே பெட்டி கிட்ட இருக்கேன்னு அவர்கிட்டச் சொன்னியாமே, அதுவா?"

"உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானே பாத்திரம் கழுவிட்டு இருந்தாரு. பத்து-பதினொண்ணு சைஸ் ஸ்பேனரைக் காணோம்னு ஜனவரி பூரா தேடினாரு. கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப நீ எடுத்துட்டுப் போனியான்னு கேக்கணும்னாரு. கேட்டா நீ கோச்சுக்குவியோன்னு மூணு வாரம் யோசிச்சாரு. அதுக்கு நீ ஏதோ சொன்னியாம். ஃபோனை வெச்சிட்டு அப்படிச் சிரிச்சாரு. 'என் பொண்ணு என்னையே அடிச்சிட்டா'ன்னாரு."

சில்வினா வேலைப் பைக்குள் கையை விட்டாள். ஸ்பேனர் இருந்தது. கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியது, அப்பா சுற்றியது. கூண்டு வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"திருடி" என்றான் எசேக்கியேல்.

அவள் லிஃப்டின் தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மற்ற இருவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் இரண்டையும் செய்திருக்கவில்லை. நெலிதா குனிந்து அவள் தலையில் கையை வைத்தாள். எசேக்கியேல் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் சக்கரப் பையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் பேசினார்கள். பாத்திரம் கழுவினது, பெட்டி கட்டினது, காலேஜ், இரண்டு டஜன் பன் வந்த அந்த ஒரு வியாழன். ஒருவர் பேசும்போதே இன்னொருவரும் பேசினார். நடுவில் பெர்லா நான்கு தடவை "ம்" என்றார்.

"இங்க நிறுத்திக்கலாம்" என்றது குரல். ஐந்து ஐம்பது.

சில்வினா எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். தம்பியின் தோளைப் பிடித்து விலக்கி, மடக்குக் கதவைக் கட்டைவிரலால் தள்ளினாள். கான்டாக்ட் 'டிக்' என்றது.

எசேக்கியேல் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இவ்வளவுதானா? முதல்லயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அம்பது நிமிஷமா?"

"பேசிட்டிருந்தீங்களே."

அவள் பேனாவை எடுத்தாள். கண்ணாடிச் சட்டத்தைத் திறந்து, அட்டையில் பிப்ரவரியைக் காலியாக விட்டு, மார்ச்சுக்கு எதிரே எழுதினாள்: கதவு சரியாக மூடவில்லை. கவனிக்கப்பட்டது. பெர்த்தோலி.

"மேலயா, கீழயா?" என்று கேட்டாள்.

"கீழ" என்றாள் நெலிதா. "ஆறு மணிக்கு மேல பேக்கரில பன் தீர்ந்துடும்."

லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. பழுப்புச் செருப்புகள் கண்ணிலிருந்து மேலே போயின.

"அடுத்த வியாழனுமா?" என்று எசேக்கியேல் மேலே பார்த்துக் கேட்டான்.

"அஞ்சு மணி உங்களோடதுதான்" என்றது குரல். "லிஃப்ட் ஓடினா மேல வாங்க. நின்னா நான் கீழ வரேன்."

அன்செல்மோ ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறார். பெட்டிக்கு ஒரு பக்கம் பெங்குவின், இன்னொரு பக்கம் அந்தப் பத்து-பதினொண்ணு ஸ்பேனர். யாராவது வந்து, இதை எப்போது எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். வியாழக்கிழமை பேசிக்கொள்வதாக.